பிணைப்புக் குண்டுகளைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் முறை

கோலாலம்பூரிலிருந்து நியூசிலாந்துக்குச் சிவப்பு மான் வேட்டைக்குச் செல்லும் நண்பர்கள் பெரும்பாலும் கேட்பது, ஈய உள்ளகத்தையும் செம்பு உறையையும் பிரியாதபடி ஒட்டவைத்துச் செய்யப்படும் பிணைப்புக் குண்டுகள் துல்லியமாகப் பாயுமா என்பதுதான். பாயும், எனினும் எந்த வகை ஒத்துவரும் என்பது ரைபிளுக்கு ரைபிள் மாறும்.

ஆகவே, அங்குச் சேர்ந்ததும் ஒரு நாளைச் சுடுதளத்துக்கு ஒதுக்கி, ரைபிளை மணல்மூட்டையில் தாங்கி, 100 மீட்டரில் ஒவ்வொரு வகையிலும் மும்மூன்று முறை சுட்டு, இடையிடையே குழலை ஆறவிடுங்கள். மூன்றும் 4 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் மான் வேட்டைக்கு அதுவே போதுமானது என்பது என் கருத்து.

துல்லியத்தைவிட நான் அதிகம் கவலைப்படுவது, குண்டு உடலுக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றித்தான். சாதாரணக் குண்டு அருகிலிருந்து பெருவேகத்தில் தோள் எலும்பில் பட்டால் உறை கழன்று ஈயம் சிதறக்கூடும். அப்போது விலங்கு ஆழமற்ற காயத்தோடு ஓடி நெடுநேரம் துன்புறும். பிணைப்புக் குண்டோ விரிந்த பின்னும் எடையைப் பெரிதும் காத்துக்கொண்டு ஆழமாகச் செல்லும். உடலில் தங்கிய குண்டை எடுத்து நிறுத்துப் பாருங்கள்: 180 கிரெயின் (குண்டின் எடையை அளக்கும் அலகு) குண்டு 144 கிரெயின் இருந்தால், 80 விழுக்காடு எஞ்சியுள்ளது.

தொலைவில் வேகம் குறையும்போது விரிவும் குறையும். நோஸ்லர் அக்குபாண்டு என்ற பிணைப்புக் குண்டு விரிய வினாடிக்கு 1,800 அடி வேகமாவது தேவை. உங்கள் தோட்டாவின் வேக அட்டவணையைப் பார்த்து, அந்த வேகம் எஞ்சியிருக்கும் தொலைவுக்கு அப்பால் சுடாதீர்கள்.

திரும்பும்போது பைகளை நன்கு சோதியுங்கள். உரிமமின்றி ஒரு தோட்டா வைத்திருப்பதும் மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமாகும்.