ஒழுங்கைக்கு வடிகான் வேண்டுமா? காசு எந்தப் பையில் இருக்கிறதென்று முதலில் பாருங்கள்

கார்த்திகை பிறந்தால் எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். திருகோணமலைக் கடற்கரைப் பக்கம் மணல் நிலம்தானே, ஊறிப்போகும் என்று வெளியூர்க்காரர் சொல்வார்கள். வாடை மழை நாலு நாள் விடாமல் அடித்தால் மணலுக்குக் கீழேயும் தண்ணீர், மேலேயும் தண்ணீர். வடிகான் கேட்டு எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒரு கந்தோரில் கடிதம் கொடுத்தது. அந்தக் கந்தோருக்கும் எங்கள் ஒழுங்கைக்கும் சம்பந்தமே இல்லையென்று பத்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் போய்க் கேட்கவில்லை. நீங்களாவது அந்தப் பத்து மாதத்தை மிச்சம் பிடியுங்கள்.

படி 1: ஒழுங்கை யாருடையது?

ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்சமுள்ளவை பெரும்பாலும் உள்ளூராட்சி சபைக்கு. எந்தச் சபை என்பதையும் சரிபாருங்கள். நிலாவெளிக்காரர் பட்டினத்துக்கு வந்து அலைந்து பயனில்லை, அவர்களுக்குக் குச்சவெளி பிரதேச சபை.

சபையின் வீதிப் பதிவேட்டில் உங்கள் ஒழுங்கை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அது யாருடைய காணி உறுதிப் பத்திரத்துக்குள்ளாவது கிடக்கலாம். தனியார் காணியில் பொதுப்பணத்தைப் போட முடியாது. காணிக்காரர் எழுத்தில் சபைக்குக் கொடுத்த பிறகுதான் அடுத்த பேச்சு.

படி 2: எந்தப் பை?

முதலாவது, சபையின் சொந்தப் பணம். சோலைவரி (வீடு வளவுக்குச் சபை அறவிடும் வரி), சந்தைக் கடை வாடகை, உரிமக் கட்டணம் எல்லாம் இதில் சேரும். காணி கைமாறும்போது கட்டுகிற முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணம் வழியாகச் சபைக்கு வரும். உல்லாசத்துறையில் பதிவான விடுதிகளிடம் முந்தைய ஆண்டு வரவில் 1 சதவீதத்துக்கு மேற்படாத உரிமக் கட்டணம் அறவிட, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இடம் கொடுக்கிறது. கடற்கரை நெடுக விடுதி நிற்கும் ஊரில் இந்தக் கணக்கில் எவ்வளவு வருகிறதென்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் கேட்கப் போகுமுன் உங்கள் சோலைவரித் துண்டையும் பாருங்கள். எங்கள் தலைவர் குரலை உயர்த்தியபோது லிகிதர் பேசாமல் நிலுவைப் பட்டியலைத் திருப்பிக் காட்டினார். பட்டியலில் இரண்டாவது பெயர் தலைவருடையது. (ஆண்டு முழுவதற்குமான வரியை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதம் கழிவு உண்டு.)

இரண்டாவது, மாகாணத்தின் அபிவிருத்தி நன்கொடை. நிதி ஆணைக்குழுவின் பரிந்துரையில் கொழும்பிலிருந்து வருவது. பி.எஸ்.டி.ஜி. என்று அதன் ஆங்கிலச் சுருக்கத்தைச் சொன்னால் கந்தோரில் எல்லாருக்கும் தெரியும். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்ததோடு மாகாண உறுப்பினரைப் பிடிக்கும் வழி போய்விட்டது. திணைக்களங்கள் வழியாகத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது, 1974 முதல் இருக்கும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி. நாடாளுமன்ற உறுப்பினர் முன்மொழிவார், மாவட்டச் செயலகம் ஊடாகப் பணம் வரும். சின்ன வேலைக்கு இது சரி.

உள்ளூர்க் கடன் அபிவிருத்தி நிதியம் என்று 1916இல் தொடங்கிய ஒன்றும் உண்டு. சபை அதில் கடன் எடுத்துச் சந்தைக் கட்டடம் போன்றவற்றைக் கட்டலாம், வாடகையில் கடன் அடையும். வடிகான் யாருக்கும் வாடகை தராது, ஆகவே விட்டுவிடுங்கள்.

படி 3: மதிப்பீடு

எஸ்டிமேட் இல்லாத கடிதம் ஃபைலுக்குள் தூங்கும். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரை எப்படியாவது இடத்துக்கு வரவழையுங்கள். எங்களுக்கு வந்தவர் கண்ணாடி போன்ற ஒரு ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை என் கையில் தந்து மதிலோரம் நிற்கச் சொன்னார். மற்ற முனையோடு அவர் நடந்தார். கடல் பக்கம்தான் பள்ளம் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. குழாயில் பார்த்தால் பாடசாலைப் பக்கம் ஆறு அங்குலம் கீழே! நாங்கள் கேட்டபடி கட்டியிருந்தால் தண்ணீர் திரும்பி வீட்டுக்குள்தான் வந்திருக்கும்.

படி 4: கடிதமும் காலமும்

நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். வரும் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்துக்குள் போக வேண்டுமானால் ஆகஸ்டிலேயே கடிதம் கையில் இருக்கட்டும். இதில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு தனித் தலையிடி உண்டு. பிந்தி ஒதுக்கிய பணத்துக்கு ஒக்டோபரில் வேலை தொடங்கினால் மழை பிடித்துக்கொள்ளும், கொங்கிறீட் போட முடியாது, டிசம்பரில் பணம் திரும்பிப் போய்விடும். அதனால் ஒதுக்கீடு கிடைத்ததும் மார்ச், ஏப்ரலில் தொடங்கச் சொல்லி நெருக்குங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். ஒழுங்கையின் நீளம், வீடுகளின் எண்ணிக்கை, சங்கத்தின் பதிவு இலக்கம், கூட்டத் தீர்மானத்தின் பிரதி, வெள்ளம் நின்ற நாளில் எடுத்த படம். வட்டார உறுப்பினருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதி கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தாமல் படி இறங்காதீர்கள்.

பதிலே வரவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சண்டை பிடிப்பதைவிட இது வேலை செய்யும்.

படி 5: வேலை

சின்ன வேலைகளைக் கேள்விப்பத்திரம் (டெண்டர்) இல்லாமல் சங்கத்துக்கே கொடுப்பதும் உண்டு. எடுக்குமுன் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறதென்று பாருங்கள். சீமெந்தும் கம்பியும் முதலில் உங்கள் காசில், செய்த வேலையை அளந்து பார்த்த பிறகுதான் பில் பணம் கையில் வரும். வெளிக் கொந்தராத்துக்காரர் செய்தால், குறை தெரிந்தால் திருத்த வைப்பதற்காக அவருடைய பணத்தில் ஒரு பகுதியைக் குறித்த காலம்வரை பிடித்து வைத்திருப்பார்கள். அந்தக் காலம் முடியும் திகதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, முதல் மழையன்று குடையோடு போய் வடிகானைப் படம் எடுங்கள்.