சந்துகளுக்குள் வரைபட ஓட்டம்: இராமநாதபுரக் கடலோரத்தாருக்கு ஒரு வழிகாட்டி

பழைய நகரங்களின் தெருக்களில் நடக்கும் ஓரியண்டியரிங் போட்டியில் ஓடுபவரிடம் ஒரு வரைபடமும், கட்டைவிரலில் மாட்டிய சிறு திசைகாட்டியும், சென்றடைந்த இடங்களைப் பதிவு செய்ய விரலில் ஒரு மின்னணுக் குச்சியும் மட்டுமே இருக்கும். படத்தில் வட்டமிட்டுக் காட்டிய இடங்களை எண் வரிசை மாறாமல், ஒன்றுகூட விடுபடாமல் சென்றடைந்து, குறைந்த நேரத்தில் முடிப்பவர் வெல்கிறார். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு எந்தத் தெரு வழியாகப் போவது என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள். அதைத் தீர்மானிப்பதுதான் ஆட்டமே. காடுகளில் தொடங்கிய இந்த விளையாட்டின் ஸ்பிரிண்ட் என்னும் குறுந்தொலைவு வடிவம், 2001இல் பின்லாந்தின் தாம்பெரே நகரில் நடந்த உலகப் போட்டியில் முதன்முறையாக இடம்பெற்றது. 2014இல் அதன் இறுதிச் சுற்றை வெனிஸ் நகரின் கால்வாய்களுக்கும் பாலங்களுக்கும் நடுவே நடத்தினார்கள்.

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி, இராமேஸ்வரம் போன்ற ஊர்களில் வளர்ந்தவர்களுக்குக் குறுகிய சந்தும் திடீர்த் திருப்பமும் புதியவை அல்ல. ஆனால் அதே பழக்கமே இந்த விளையாட்டில் காலை வாருகிறது. நாம் நம் ஊரில் நடப்பது படத்தைப் பார்த்து அல்ல, பழக்கத்தால்; வெளியூரில் வழி தெரியாவிட்டால் டீக்கடையில் கேட்டுக்கொள்கிறோம். போட்டியில் வழி கேட்பது முறையல்ல. தெரிந்த தெரு என்று கால் தானாக ஓடினால், படம் தடுத்த இடத்தில் போய் நிற்க நேரும். ஆகவே ஓட்டப் பயிற்சிக்கு முன்பாகப் படம் படிக்கும் பயிற்சியைத் தொடங்குவதே சரி. நன்றாக ஓடத் தெரிந்தவர்கள் இந்த வரிசையை மாற்றிக்கொண்டு முதல் போட்டியிலேயே அலைக்கழிவதுதான் வழக்கம்.

நகரப் போட்டிகளின் படம் பெரும்பாலும் 1:4000 என்ற அளவில் இருக்கும். அதாவது படத்தில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 40 மீட்டர். இரண்டு மீட்டர் அகலமுள்ள சந்து அந்த அளவில் அரை மில்லிமீட்டர் கோடாகிவிடும் என்பதால், மிகக் குறுகிய வழிகளைக் கண்ணுக்குத் தெரியுமளவு சற்று அகலப்படுத்தியே வரைகிறார்கள். கட்டடங்கள் சாம்பல் நிறத்தில் இருக்கும். வெளிர்சாம்பல் என்றால் மேலே கூரையுண்டு, கீழே நடந்து போகலாம் என்று பொருள். தளமிட்ட தெரு வெளிர்பழுப்பு நிறத்திலும், ஓட்டப்பாதை ஊதா நிறத்திலும் அச்சாகும். முக்கோணம் தொடக்கம், வட்டங்கள் கண்ட்ரோல்கள் (அதாவது சென்றடைய வேண்டிய இடங்கள்), இரட்டை வட்டம் முடிவு. பழுப்புக் கோடுகள் மேடுபள்ளத்தைக் குறிப்பவை. நம் மாவட்டம் பெரும்பாலும் தட்டையான நிலம் என்பதால் அவற்றைப் படிக்க இங்கே பழக வாய்ப்புக் குறைவு. மலைமேல் அமைந்த ஊர்களில் ஓட நினைப்பவர் தனியாகப் பழகிக்கொள்ள வேண்டும்.

இவற்றைவிட முக்கியமானவை இரண்டு குறியீடுகள். இலைப்பச்சை கலந்த மஞ்சள் நிறம் பூசிய இடம், வீட்டுத் தோட்டமோ கல்லறை நிலமோ எதுவானாலும், கால் வைக்கக் கூடாத இடம். தடித்த கறுப்புக் கோட்டால் வரைந்த சுவரைத் தாண்டக் கூடாது. அந்தச் சுவர் இடுப்பளவே இருக்கலாம், ஒரு பக்கம் இடிந்தும் கிடக்கலாம், உள்ளூர்ப் பையன்கள் உங்கள் கண்ணெதிரே அதைத் தாண்டிப் போகலாம். நீங்கள் தாண்டினால் தகுதியிழப்பு. போட்டிக்கென்றே தெருவுக்குக் குறுக்கே நாடா கட்டி, படத்தில் ஊதாக் கோட்டால் அடைத்துக் காட்டுவதும் உண்டு. கண் பார்த்ததை நம்பாமல் படம் சொன்னதை நம்பும் இந்தக் கட்டுப்பாடு வரச் சில காலம் பிடிக்கும்.

படத்தைப் பிடிக்கும் முறை எளியது, ஆனால் விடாமல் செய்ய வேண்டியது. படத்தின் வடக்கு நிலத்தின் வடக்கோடு எப்போதும் பொருந்தியிருக்க வேண்டும். நீங்கள் திரும்பினால் படத்தையும் கைக்குள் திருப்ப வேண்டும். படத்தைச் சிறிதாக மடித்து, இப்போது நிற்கும் இடத்தின்மேல் கட்டைவிரல் நகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முனையையும் கடந்ததும் நகத்தை நகர்த்துங்கள். அப்போது ஒரு கணம் குனிந்து பார்த்தாலே இருக்குமிடம் தெரிந்துவிடும், தேட வேண்டியிருக்காது. கடல் நமக்குப் பெரிய துணை: கீழக்கரையில் அது தெற்கே, தேவிபட்டினத்தில் கிழக்கே. ஒரு சந்தின் கடைசியில் வெளிச்சமும் உப்புக்காற்றும் வந்தால் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். கரைக்குத் திரும்பும் மீனவர் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் ஒரே நேரில் வைத்துத் தம் இடத்தைக் கணிப்பதைப் போல, தெருவிலும் பெரிய அடையாளங்கள் இரண்டைச் சேர்த்துப் பார்த்தால் ஐயம் தீரும்.

வழியைத் தேர்வதற்கு இராமேஸ்வரத்தைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. இராமநாதசுவாமி கோயில் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 865 அடி, வடக்கு தெற்காக 657 அடி; அதாவது சுமார் 264 மீட்டருக்கு 200 மீட்டர். 1:4000 படத்தில் அது ஆறரை சென்டிமீட்டர் நீளத்துக்குத் தடித்த கோடு சூழ்ந்த ஒரு பெரிய பெட்டி. மேற்கு ரத வீதியில் ஒரு கண்ட்ரோலும், அடுத்தது அக்னி தீர்த்தக் கரையில் சந்நிதித் தெருவுக்கு நேராகவும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நேர்கோடு கோயிலுக்குள்ளே போகிறது. அங்கே ஓட முடியாது, ஓடவும் கூடாது. வடக்கு ரத வீதியா, தெற்கு ரத வீதியா? மேற்கு வீதியின் சரிபாதியில் நிற்பவருக்கு இரண்டும் ஏறத்தாழச் சமம். அந்தப் பாதியிலிருந்து 30 மீட்டர் வடக்கே தள்ளி நின்றாலோ, வடக்கு வழியில் 30 மீட்டர் குறைந்து, தெற்கு வழியில் 30 மீட்டர் கூடுகிறது. ஆக வேறுபாடு 60 மீட்டர். வினாடிக்கு மூன்று மீட்டர் ஓடுபவருக்கு அது 20 வினாடி. இதைப் படத்தில் பார்க்க இரண்டு வினாடி போதும், ஆனால் அந்த இரண்டு வினாடி நிற்பதற்குத்தான் மனம் வருவதில்லை. தூரத்தோடு கூட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அமாவாசை நாளில் நீராடிவிட்டு ஈரத்துணியோடு வருவோர் நடுவே குறுக்கு வழி எதுவும் குறுக்கு வழியாக இராது. இந்தப் பயிற்சியைக் கோயிலைச் சுற்றி நடந்தபடியே செய்யுங்கள். வழிபட வந்தவர்களை இடித்துக்கொண்டு ஓடுவது எந்த விளையாட்டிலும் சேராது.

பொதுவாக, திருப்பங்கள் அதிகமுள்ள குறுகிய வழியைவிடத் திருப்பம் குறைந்த சற்று நீண்ட வழியே புதியவர்களுக்கு ஏற்றது. ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் குறைகிறது, தவறவிடும் வாய்ப்பும் கூடுகிறது. வழியைப் பின்னாலிருந்து படிப்பது நல்ல உத்தி: கண்ட்ரோல் எந்தச் சந்தின் எந்தப் பக்கம் இருக்கிறது, அந்தச் சந்துக்குள் எங்கிருந்து நுழையலாம், அந்த நுழைவாயிலுக்கு எப்படிப் போகலாம் என்று தலைகீழாகப் பார்த்தால் முட்டுச் சந்துகள் தாமே கழிந்துவிடும். நீண்ட ஓட்டம் ஒன்றில் நேர்த்தெரு வரும்போது அதற்கடுத்த கண்ட்ரோலுக்கான வழியை யோசித்துவிட வேண்டும்.

கண்ட்ரோலில் வெள்ளையும் ஆரஞ்சும் கலந்த, பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் அளவுள்ள முப்பட்டைத் துணி தொங்கும். அதில் 31 முதல் தொடங்கும் ஓர் அடையாள எண் இருக்கும். உடன் தரப்படும் குறிப்புத்தாளில் அந்த எண்ணும், கொடி கட்டடத்தின் எந்த மூலையில் அல்லது சுவரின் எந்தப் பக்கம் உள்ளது என்பதும் படக்குறிகளாக இருக்கும். இதைப் படிக்காமல் போகிறவர் சுவரின் மறுபக்கத்தில் போய் நின்று கொடியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பார். சுற்றி வர முழுத் தெரு ஒன்று ஓட வேண்டும். எண்ணைச் சரிபார்த்த பிறகே அங்குள்ள பதிவுக் கருவியில் குச்சியை நுழைத்திடுங்கள். ஒலியோ ஒளியோ வரும்வரை எடுக்காதீர்கள்.

அருகில் போட்டி இல்லாவிட்டாலும் பயிற்சிக்குத் தடையில்லை. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இணைய வரைபடத்திலிருந்து தெருக்களை எடுத்து, ஓப்பன் ஓரியண்டியரிங் மேப்பர் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திருத்தி, ஏ4 தாளில் 1:4000 அளவில் அச்சிட்டால் ஏறத்தாழ 840 மீட்டருக்கு 1,190 மீட்டர் பரப்பு அடங்கும்; கீழக்கரையின் பழைய தெருக்களில் ஒரு நல்ல ஓட்டம் அமைக்க அது போதும். அச்சிடுவதற்கு முன் ஒவ்வொரு சந்தையும் நடந்து சரிபாருங்கள். இணையப் படத்தில் திறந்திருக்கும் வழி நேரில் ஒரு வீட்டின் பின்வாசலில் முடிந்திருக்கும். பள்ளிவாசல் வளாகம், கபர்ஸ்தான், பள்ளிக்கூடம், பெண்கள் புழங்கும் கொல்லைப்புறங்கள் ஆகியவற்றைத் தடை நிறத்தில் பூசிவிடுங்கள். கொடிகளுக்குப் பதிலாக, குறித்த இடத்திலுள்ள மின்கம்பத்தின் எண்ணை எழுதி வரச் சொல்லலாம். யாருடைய சுவரிலும் எதையும் ஒட்ட வேண்டியதில்லை. மேப்ரன் என்ற கைபேசிச் செயலி ஜிபிஎஸ் மூலம் கண்ட்ரோலைப் பதிவு செய்யும் என்றாலும், உயர்ந்த சுவர்களுக்கு நடுவே அதன் கணிப்பு விலகும் என்பதால் கண்ட்ரோல்களைத் திறந்த முச்சந்திகளில் வைப்பது நல்லது.

ஜமாஅத்தாரிடமும் கவுன்சிலரிடமும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலும் பள்ளி தொடங்கும் நேரமும் வேண்டாம். மழை ஓய்ந்த சனவரி, பிப்ரவரி மாதங்களின் விடியற்காலையே இந்தக் கரைக்கு ஏற்ற நேரம். சந்து முனையில் வேகத்தைக் குறைத்து வெளிப்பக்கமாகத் திரும்புங்கள். எதிரே இருசக்கர வாகனம் வரும். பேவர் பிளாக்கின்மேல் காற்று கொண்டுவந்த மணல் வழுக்கும் என்பதால் அடிப்பகுதி ரப்பராக உள்ள காலணியே ஏற்றது. ஆணி வைத்த காலணி தெரு ஓட்டத்துக்கு ஆகாது. "தம்பி, அங்கிட்டுப் போகாதீக, முட்டுச் சந்து" என்று திண்ணையிலிருந்து ஒருவர் அன்போடு சொன்னால், நன்றி சொல்லிவிட்டுப் படத்தைப் பாருங்கள்.

போட்டி நாளில் குச்சியின் பழைய பதிவுகளை அழித்து, சரிபார்த்து, உரிய நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டும். ஒருவர் பின் ஒருவராக, பெரும்பாலும் ஒரு நிமிட இடைவெளியில் அனுப்புவார்கள். படம் கைக்கு வருவது உங்கள் நேரம் தொடங்கும் கணத்தில்தான். வாங்கியதும் ஓடாதீர்கள். முக்கோணத்தைக் கண்டுபிடித்து, வடக்கைப் பொருத்தி, முதல் கண்ட்ரோலுக்கான முழு வழியையும் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். முன்னால் ஓடுபவர் வேறு பிரிவைச் சேர்ந்தவராக இருக்கலாம். அவர் பின்னே போவதில் பயனில்லை. வழி தவறினால் நின்று, கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். பாதியில் விலகினாலும் முடிவிடத்துக்கு வந்து குச்சியைப் பதிவு செய்துவிட்டே போக வேண்டும். இல்லையென்றால் உங்களைக் காணவில்லை என்று தேடத் தொடங்கிவிடுவார்கள்.

முடிவில் கிடைக்கும் தாளில் ஒவ்வொரு கண்ட்ரோலுக்கும் எடுத்த நேரம் தனித்தனியாக இருக்கும். அன்று மாலைக்குள், நினைவு மங்குமுன், நீங்கள் உண்மையில் ஓடிய வழியைப் படத்தின்மேல் பேனாவால் வரைந்து, உங்களைவிட வேகமாக வந்தவரின் வழியோடு ஒப்பிடுங்கள். எங்கே நேரம் போனது, காலிலா தீர்மானத்திலா என்பது அந்தக் கோடுகளில் தெரியும். அடுத்த வாரப் பயிற்சியை அங்கிருந்து தொடங்கலாம்.