கலைச்ச சீட்டுக்கட்ட முன்கூட்டியே கணிக்கிறது எப்படி

1958ல நார்மன் கில்பிரெத்னு ஒரு அமெரிக்கர் லிங்கிங் ரிங்னு மேஜிஷியன்களோட பத்திரிகைல எழுதின விஷயம் இது, கை வேகமே தேவையில்ல, முழுக்க கணக்குதான், அதனாலயே எனக்கு அவ்ளோ பிடிக்கும்.

ஜோக்கர எடுத்துட்டு 52 சீட்டையும் சிவப்பு, கருப்பு, சிவப்பு, கருப்புனு மாத்தி மாத்தி முன்னாடியே அடுக்கி வச்சுக்கோங்க. "ஒவ்வொரு ஜோடியிலயும் ஒரு சிவப்பு ஒரு கருப்பு"ன்னு ஒரு பேப்பர்ல எழுதி மடிச்சு, வித்தைய பாக்கறவங்க கையிலயே குடுத்துருங்க.

இப்ப அவங்கள மேல இருந்து ஒவ்வொண்ணா டேபிள்ல கவுத்து ஒண்ணுமேல ஒண்ணா போட சொல்லுங்க, பாதி மாதிரி வந்ததும் எங்க வேணா நிறுத்தலாம். இந்த இடம்தான் உயிர், ஒவ்வொண்ணா போடறப்ப அந்தப் பாதியோட வரிசை தலைகீழா ஆயிடும், அப்படியே கொத்தா எடுத்து வச்சா சில நேரம் சொதப்பிரும்.

அப்புறம் ரெண்டு கட்டையும் முனைய முனையோட சேர்த்து சரசரன்னு விட்டு ஒரே ஒரு தடவ ரிஃபிள் ஷஃபிள் பண்ணட்டும், கோணல்மாணலா கலந்தாலும் பரவால்ல, ஆனா ரெண்டாவது தடவ கலைக்க விட்றாதீங்க.

மேல இருந்து ரெண்டு ரெண்டா திருப்புங்க. ஒரு சிவப்பு ஒரு கருப்புனு 26 ஜோடியும் அப்படியே வரும், கடைசி ஜோடி வந்ததும் பேப்பர அவங்களையே பிரிச்சு சத்தமா படிக்க சொல்லுங்க.