கொழும்பில் வளர்ப்புக் குடும்பமாக விரும்புகிறீர்களா? எங்கே தொடங்குவது, எதற்குத் தயாராவது

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாராவது ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டு, "எங்கட வீட்டில ஒரு அறை சும்மாதான் கிடக்குது, ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கலாமா?" என்று கேட்பது எனக்குப் பழகிப்போன விஷயம். பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளைகளைக் குடும்பங்களில் வைத்துப் பராமரிக்கும் ஒரு கிறிஸ்தவத் தொண்டு அமைப்போடு சேர்ந்து வேலை செய்கிறேன். வெள்ளவத்தையிலிருந்தும் கேட்கிறார்கள், கொட்டாஞ்சேனையிலிருந்தும் வத்தளையிலிருந்தும் கேட்கிறார்கள், எல்லோருடைய கேள்வியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் ஒன்று. வளர்ப்புப் பராமரிப்புக்கு வரும் பிள்ளை பெரும்பாலும் திரும்பிப் போகும், போகவும் வேண்டும். சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளை எல்லோரும் அநாதைகள் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் இலங்கையில் அப்படி இருப்பவர்களில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். தாய் குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலையில் இருப்பார், தகப்பன் சிறையில் இருப்பார் அல்லது குடியில் மூழ்கியிருப்பார், அம்மம்மாவுக்கு வயதாகி முடியாமல் போயிருக்கும், சில வீடுகளில் வறுமை ஒன்றே காரணம். அந்த வீடு சரியாகும்வரை பிள்ளை ஒரு குடும்பத்துக்குள் இருக்கட்டும் என்பதற்காகத்தான் உங்களைக் கேட்கிறோம். "எனக்கு ஒரு பிள்ளை வேண்டும்" என்ற ஏக்கத்தோடு வருகிறீர்கள் என்றால், அந்த ஏக்கத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அதற்கான வழி வேறு.

அந்த வேறு வழிக்குப் பெயர் மகவேற்பு, நாம் பேச்சில் தத்தெடுப்பது என்கிறோம். அது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கும், அதோடு பிள்ளை சட்டப்படி உங்கள் பிள்ளை. வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளையின் பெயரும் மாறாது, பெற்றோரும் மாறமாட்டார்கள். 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, பிள்ளையைப் பொறுப்பேற்கத் தகுந்த ஆள் என்று நீதிமன்றம் உங்களைக் குறிப்பிட்டு ஒப்படைக்கும். சுனாமிக்குப் பிறகு 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டத்தில், கடல்கோளில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு வளர்ப்புப் பராமரிப்பு தனியாகவே சேர்க்கப்பட்டது. பிறகு 2019இல் மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கை வந்தது. முடிந்தவரை பிள்ளை தன் சொந்தக் குடும்பத்தில் வளர வேண்டும், முடியாதபோது உறவினர் வீடு, அதுவும் இல்லாதபோது வேறொரு குடும்பம், சிறுவர் இல்லம் கடைசியில்தான் என்பது இந்தத் துறையில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒழுங்கு. 2009இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற வழிகாட்டல்களும் இதைத்தான் சொல்கின்றன. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் குடும்பச் சூழலில்தான் வைக்க வேண்டும், தக்க காரணமில்லாமல் கூடப்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது, வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து எடுக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

தயவுசெய்து செய்யக் கூடாத ஒன்று: தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு ஏழைக் குடும்பம் தந்தது, தெரிந்த ஒருவர் சொன்னார் என்று எந்தக் காகிதமும் இல்லாமல் பிள்ளையைக் கூட்டி வராதீர்கள். நல்ல மனதோடு கூட்டி வந்தாலும் அந்தப் பிள்ளைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது, நாளைக்குப் பாடசாலையிலோ வைத்தியசாலையிலோ நீங்கள் யார் என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. பிள்ளைக்காகப் பணம் கைமாறினால் அது குற்றம். அமைப்போ போதகரோ யாரானாலும் சரி, "கொஞ்சம் அன்பளிப்பு குடுத்தால் கெதியில முடிக்கலாம்" என்ற பேச்சு வந்தால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள்.

எங்கே போய்க் கேட்பது

உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஆட்கள் திம்பிரிகஸ்யாய செயலகத்துக்கும், கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் ஆட்கள் கொழும்பு செயலகத்துக்கும் போக வேண்டும், வத்தளை என்றால் அது கம்பஹா மாவட்டம். பிள்ளைகளின் விஷயங்களை நீதிமன்றத்தோடு சேர்ந்து கவனிக்கும் நன்னடத்தை உத்தியோகத்தர்களில் யாரைப் பார்க்க வேண்டும் என்று செயலகத்தில் இருப்பவர் சொல்லுவார். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு வேலை மாகாணத்தின் கையில் இருப்பதால் மேல் மாகாணத் திணைக்களத்தோடுதான் உங்களுக்கு அதிகம் புழக்கம் இருக்கும்.

தொண்டு அமைப்பு ஊடாகப் போவதில் ஒரு பெரிய வசதி உண்டு, பிள்ளை வந்த பிறகும் கூட நிற்க ஆள் இருக்கும். ஆனால் எந்த அமைப்பாலும் தானாக ஒரு பிள்ளையை உங்களிடம் தர முடியாது, அந்த அதிகாரம் நீதிமன்றத்துக்கே. கிறிஸ்தவ அமைப்பு என்பதற்காகக் கேள்வி கேட்காமல் இருந்துவிடாதீர்கள். பதிவு இருக்கிறதா, நன்னடத்தைத் திணைக்களத்தோடு சேர்ந்துதான் வேலை செய்கிறார்களா, எழுத்தில் சிறுவர் பாதுகாப்புக் கொள்கை இருக்கிறதா, யார் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார்கள், இராத்திரி ஒரு பிரச்சினை என்றால் யாருக்குக் கோல் எடுப்பது என்றெல்லாம் கேளுங்கள். நன்கொடையாளருக்கு அனுப்புவதற்காகப் பிள்ளையின் முகம் தெரியும் படங்களை எடுக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பிள்ளையின் தாய்க்கு என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். தாயைப் பற்றிப் பேச்சே இல்லாத அமைப்பு என்றால் நான் அங்கே சேரச் சொல்லமாட்டேன்.

ஆவணங்கள் சலிப்பான வேலை, ஆனால் கஷ்டமில்லை. அடையாள அட்டைப் பிரதிகள், விவாகச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை, வைத்திய அறிக்கை, வருமானத்துக்கு ஆதாரம், உங்களைத் தெரிந்தவர்களின் கடிதங்கள் என்று பொதுவாகக் கேட்பார்கள். பொலிஸ் அறிக்கைக்கு முதலே எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதற்காகவே காத்திருக்க வேண்டி வரும்.

உத்தியோகத்தர்கள் வீடு பார்க்க வரும்போது பலர் பயப்படுவது வீடு சின்னது என்பதற்கு. தொடர்மாடியில் இரண்டு அறை வீடு என்றால் பரவாயில்லை. பிள்ளைக்கென்று ஒரு கட்டிலும் உடுப்பு வைக்க ஒரு தட்டும் இருக்கிறதா, பல்கனிக்குக் கம்பி போட்டிருக்கிறதா, வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், வந்துபோகிறார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். மாமியாரிடமும் உங்கள் பிள்ளைகளிடமும் தனித்தனியாகப் பேசுவார்கள். அதற்கு முதல் நீங்களே வீட்டில் பேசி முடித்திருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் ஆசை, மற்றவர் சும்மா தலையாட்டுகிறார் என்றால் தள்ளிப்போடுங்கள். உங்கள் சொந்தப் பிள்ளை சாதாரண தரமோ உயர்தரமோ எடுக்கிற வருடம் என்றாலும் தள்ளிப்போடலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நீதிமன்றக் கட்டளை கிடைத்ததும் ஆறுதலாக வாசியுங்கள். அடுத்த தவணை எப்போது, பெற்றோர் எப்போது பார்க்கலாம், பிள்ளையை ஊருக்கு வெளியே கூட்டிப் போக அனுமதி கேட்க வேண்டுமா என்பதை உத்தியோகத்தரிடம் தெளிவாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து பிரதிகள் எடுத்து வையுங்கள், பாடசாலை அதிபர் கேட்பார், கிளினிக்கில் கேட்பார்கள்.

பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு

முதல் நாள் சபையாரைக் கூப்பிட்டு வரவேற்பு வைக்காதீர்கள். கேக் வேண்டாம், படம் வேண்டாம். வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள், டொய்லட் எங்கே, இரவில் லைட் எங்கே போடுவது, நீங்கள் எந்த அறையில் படுப்பீர்கள் என்று காட்டுங்கள், அவ்வளவு போதும். உங்களை என்ன என்று கூப்பிடுவது என்பதை அவர்களிடமே விடுங்கள். பெரும்பாலும் அன்ரி, அங்கிள் என்றே தொடங்குவார்கள். அம்மா என்று கூப்பிடச் சொல்லிப் பழக்காதீர்கள், அந்தப் பிள்ளைக்கு ஒரு அம்மா இருக்கிறார்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பசியில் இருந்த பிள்ளைகள் சாப்பாட்டை ஒளித்து வைப்பார்கள். எங்கள் வீட்டில் இருந்த ஒரு பையன், ஏழு வயதிருக்கும், இரவில் பாண் துண்டுகளைப் பெனியனுக்குள் சுருட்டித் தலையணை உறைக்குள் வைப்பான், காலையில் எறும்பு மொய்த்திருக்கும். அதைக் களவு என்று சொல்லிவிட்டால் எல்லாம் கெட்டுவிடும். மூடியுள்ள ஒரு டப்பாவில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் போட்டு அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, "இது உனக்கு, எப்ப பசிச்சாலும் எடுக்கலாம், முடிஞ்சால் திரும்பப் போடுவன்" என்று சொன்னேன், சொன்னபடியே ஒவ்வொரு நாளும் நிரப்பினேன். தலையணை உறை மெல்ல மெல்லச் சுத்தமானது. டப்பாவை மட்டும் அவன் போகும்வரை எடுக்க விடவில்லை.

நடந்த கதையைத் தோண்டிக் கேட்காதீர்கள். தானாகச் சொன்னால் கேளுங்கள், முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாமல் கேளுங்கள், "இதை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் சில விஷயங்களை உத்தியோகத்தரிடம் சொல்லியே ஆக வேண்டும். சபையில், ஜெபக் கூட்டத்தில், வட்ஸ்அப் குழுவில் அந்தக் கதை போகக் கூடாது. "இந்தப் பிள்ளைக்காக ஜெபியுங்கள்" என்று தொடங்கி முழு வரலாறும் சொல்லி முடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஜெபிப்பதற்குப் பெயரும் வேண்டாம், விவரமும் வேண்டாம், ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்.

படுக்கையை நனைப்பது, திடீர்க் கோபம், பொய், ஒரேயடியாக ஒட்டிக்கொள்வது எல்லாம் வரலாம். என்ன வந்தாலும் கை நீட்டக் கூடாது, "இப்பிடிச் செய்தால் திருப்பி அனுப்பிப் போடுவன்" என்று பகிடிக்குக்கூடச் சொல்லக் கூடாது. அடிபட்ட பிள்ளைக்கு அந்த ஒரு வசனம் அடியைவிட மோசம். சமாளிக்க முடியாவிட்டால் அமைப்புக்குச் சொல்லி உளவள ஆலோசனைக்கு ஏற்பாடு கேளுங்கள்.

பிள்ளை நம் மதமாக இல்லாவிட்டால்?

இதை எல்லோரும் கேட்கிறார்கள், நேரடியாகவே சொல்கிறேன். மதம் மாற்றுவதற்காக ஒரு பிள்ளையை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை, பிள்ளையின் இனம், மதம், பண்பாடு, மொழி ஆகியவற்றின் தொடர்ச்சியைக் கவனிக்கச் சொல்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், தாயும் வீடும் பாடசாலையும் ஒரே நாளில் கையை விட்டுப் போன பிள்ளையிடமிருந்து சாமியையும் பிடுங்குவது எந்த வகையில் அன்பு? சைவப் பிள்ளை என்றால் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக வழி செய்யுங்கள், நீங்கள் போக மனமில்லாவிட்டால் பக்கத்து வீட்டு மாமியோடு அனுப்பலாம், உத்தியோகத்தருக்குச் சொல்லிவிட்டு. திருநீறு பூசிக்கொண்டு உங்கள் மேசையில் இருந்து இடியப்பமும் சொதியும் சாப்பிடட்டும். முஸ்லிம் பிள்ளை என்றால் ஹலால் சாப்பாடு, நோன்பு பற்றி முதலே கேட்டு வையுங்கள். உங்கள் குடும்ப ஜெபத்தை நிறுத்த வேண்டியதில்லை, பிள்ளையைக் கட்டாயப்படுத்தி இருத்தவும் வேண்டியதில்லை. நம் விசுவாசத்தை அந்தப் பிள்ளை பார்க்க வேண்டியது நாம் நடந்துகொள்கிற விதத்தில்.

தாய் வரும் நாள்

பெற்றோர் பார்க்க வரும் நாள்தான் வளர்ப்புத் தாய்மாருக்குக் கஷ்டமான நாள். அவர்கள் போன பிறகு பிள்ளை அழும், சாப்பிடாது, அதனால் "வராமல் இருந்தால் நல்லது" என்று தோன்றும். அழுவது பாசம் உயிரோடு இருப்பதற்கு அடையாளம், அதற்காகச் சந்திப்பைக் குறைக்கக் கேட்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தாய் மகளுக்குச் சட்டை வாங்கி வந்தார். போகும்போது விட்டுப்போன பிள்ளையின் அளவில் வாங்கியிருந்தார், முதுகில் பொத்தானே பூட்ட முடியவில்லை. தாயின் முகம் விழுந்துபோனது. அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த அன்ரி ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய் ஊசிகள் எடுத்து வந்து பின்னால் குத்திவிட்டு, மேலே ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போட்டுவிட்டார். பிள்ளை அன்றைக்கு முழுக்க அந்தச் சட்டையோடுதான் இருந்தது. வளர்ப்புத் தாய்க்கு என்ன பயிற்சி கொடுக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்லுவேன்.

பிள்ளையின் முன்னால் தாயையோ தகப்பனையோ பற்றிக் குறைவாகப் பேசாதீர்கள், குடிகாரத் தகப்பனாக இருந்தாலும் சரி. வாரத்தில் என்ன நடந்தது, பல் விழுந்தது, கணக்கில் எத்தனை புள்ளி என்று தாயிடம் சொல்லுங்கள். ஒரு கொப்பியில் படங்கள், பாடசாலைச் சித்திரங்கள், தடுப்பூசித் திகதிகள், நண்பர்களின் பெயர்கள் எல்லாம் சேர்த்து வையுங்கள், போகும்போது அது பிள்ளையோடு போக வேண்டும். திரும்பிப் போவது ஒரே நாளில் நடக்காமல், முதலில் பகலில், பிறகு ஒரு இரவு, பிறகு வார இறுதி என்று படிப்படியாக நடக்கும்படி உத்தியோகத்தரிடம் கேளுங்கள். உடுப்பைக் கடைப் பையில் போட்டு அனுப்ப வேண்டாம், ஒரு நல்ல பேக் வாங்கிக் கொடுங்கள். உங்களுக்கும் அழுகை வரும், அழுங்கள். வீட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகளையும் கவனியுங்கள், அவர்களுக்கும் இது ஒரு பிரிவு. உடனே அடுத்த பிள்ளைக்கு ஓம் சொல்லிவிடாமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

சரி, வீட்டில் வைத்திருக்கவே முடியாது என்றால்? வேலை நிறைய இருக்கிறது. வளர்ப்புக் குடும்பம் ஒன்றுக்கு ஓய்வு கொடுக்க ஒரு சனிக்கிழமை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம், அதற்கும் அமைப்பின் அனுமதி வேண்டும். பொரளை சிறுவர் வைத்தியசாலைக்குக் கிளினிக் போக வாகனம் கொடுக்கலாம். கணக்கும் சிங்களமும் சொல்லிக் கொடுக்கலாம். உங்கள் தெருவில் தனியாகப் பிள்ளைகளோடு கஷ்டப்படும் ஒரு தாய்க்கு மாத வாடகையிலோ உலர் உணவிலோ கைகொடுத்தால், அந்தப் பிள்ளைகள் யார் வீட்டுக்கும் போக வேண்டிய தேவையே வராமல் போகலாம், செலவும் குறைவு. எந்தப் பிள்ளையாவது ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள், தமிழில் பேசலாமா என்று கேட்டுவிட்டே விஷயத்தைச் சொல்லுங்கள், முகவரியைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு அழைத்தால் நேரம் மிச்சம்.