கடலைப் பார்த்த ஜன்னலில் மைனிங் மெஷினை வைக்காதீர்கள்

போன மாதம் மண்டபத்துப் பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். மாடி அறை, கடலைப் பார்த்த ஜன்னல், ஜன்னல் திட்டில் பழைய ஆன்ட்மைனர் எஸ்9 ஒன்று. இரவு பகலாகக் கணக்குப் போட்டுப் பிட்காயின் என்ற டிஜிட்டல் காசைச் சம்பாதிக்கும் மெஷின் அது; அந்த வேலைக்குத்தான் மைனிங் என்று பெயர். "அண்ணே, ஃபேன் காத்தோட கடல் காத்தும் சேந்து அடிக்குது, சூடே ஏறல" என்று கூடவே ஒரு குரல் பதிவு. பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. 2022-இல் தங்கச்சிமடத்தில் நானும் இதே மெஷினை, இதே காரணம் சொல்லி, இதே போன்ற ஜன்னலில்தான் வைத்தேன்.

கிரிப்டோ பணப்பைக்குச் சாவியான சீட் வார்த்தைகளை யாரிடமும் சொல்லாதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் கடற்கரையில் இருப்பவனுக்கு மட்டும் நேர்கிற தவறு ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

கடல் காற்று மெஷினைக் காப்பாற்றும் என்று நம்புவது

எஸ்9 மெஷினுக்கு முன்னால் ஒரு ஃபேன், பின்னால் ஒரு ஃபேன். நடுவில் மூன்று ஹேஷ்போர்டு, அதாவது கணக்குப் போடும் சிப்புகள் பதித்த பலகை. ஒவ்வொன்றிலும் 63 சிப், ஒவ்வொரு சிப்பின் மேலும் ஒட்டிய அலுமினிய ஹீட்சிங்க். முன் ஃபேன் இழுக்கும் காற்று அத்தனை ஹீட்சிங்க்கையும் உரசிக்கொண்டு பின்னால் போகிறது. அந்தக் காற்றில் என்ன இருக்கிறதோ அது முழுக்க உள்ளே படியும். நம் ஊர்க் காற்றில் இருப்பது உப்பு.

ஆவணியில் மெஷினை ஓட்டத் தொடங்கினேன். வடகடலைப் பார்த்த ஜன்னல். முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் கரண்ட் பில் வந்தது. அதைக் கீழே சொல்கிறேன். பில்லைப் பார்த்த பயத்தில் இரவில் மெஷினை நிறுத்திவிட்டுக் காலையில் போட ஆரம்பித்தேன். என் மெஷினைக் கொன்றது அதுதான்.

சமையலறைக் கல்லுப்பு ஜாடியை மழைக்காலத்தில் திறந்து பாருங்கள், அடியில் தண்ணீர் விட்டிருக்கும். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் கசியும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே அது நீர்விடத் தொடங்கிவிடும். மெஷின் ஓடும்போது போர்டு சூடாக இருக்கும், படிந்த உப்பும் காய்ந்தே கிடக்கும். நிறுத்தினால் போர்டு குளிரும். இரவு ஓதக்காற்றில் உப்பு கசிந்து, சிப்பின் கால்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத உப்புத்தண்ணீர்ப் படலமாக நிற்கும். காலையில் நாம் சுவிட்சைப் போடுகிறோம். அந்தப் படலத்தின் வழியாகவும் மின்சாரம் கசிகிறது, உலோகம் அரிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கும்போது நான் தினமும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

தை மாதம் ஒரு நாள் காலை மெஷினின் நிலையைக் காட்டும் பக்கத்தை பிரவுசரில் திறந்தேன். நல்ல சிப்புக்கு ஒரு சின்ன வட்டம், கெட்டதற்கு ஒரு பெருக்கல் குறி என்று அதில் வரிசையாகக் காட்டும். ஒரு போர்டில் பெருக்கல் குறிகள். இன்னொரு போர்டைக் காணவே காணோம். 63 சிப்பும் ஒன்றன்பின் ஒன்றாகத் தகவலைக் கடத்துபவை. நடுவில் ஒன்று செத்தால் சங்கிலி அறுந்து முழு போர்டுமே படுத்துவிடும்.

மெஷினைத் திறந்தேன். ஹீட்சிங்க் மேல் சுண்ணாம்பு பூத்தது போல வெள்ளைப் பொடி. விரலால் தேய்த்தால் நறநறவென்றது. கனெக்டர் பின்களில் செம்புக் குடத்தில் பிடிப்பது போலப் பச்சைக் களிம்பு. சென்னைக்கு ரிப்பேருக்கு அனுப்பினேன். சிப்புக்கு அடியிலேயே அரித்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 22,000 ரூபாய் கொடுத்து வாங்கிய மெஷின், முழுதாக ஐந்து மாதம்கூட ஓடவில்லை.

பாம்பனில் படகுகளுக்கு வயர்லெஸ் செட்டும் ஜிபிஎஸ்ஸும் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் அந்தப் போர்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "கடலுக்குப் போற செட்டையே நாங்க வார்னிஷ் அடிச்சு, பெட்டிக்குள்ள வச்சு மூடுறோம். நீ கடலையே இழுத்து உள்ள ஊத விட்டிருக்கியேப்பா" என்றார். மூன்று வருடம் ஆகியும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பு எப்படித் துருப்பிடித்தது என்று பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் காற்றையா போய் நம்பினேன்?

சரி, என்ன செய்யலாம்? மெஷினை வீட்டின் உள்ளறையில் வையுங்கள். காற்று கடல் பக்கத்திலிருந்து வராமல் வீட்டுக்குள்ளிருந்து வரட்டும், சூடு வெளியே போகட்டும். முன் ஃபேனுக்கு முன்னால் ஃபில்டர் துணி போட்டு வாரம் ஒரு முறை மாற்றுங்கள். துணி தூசியையும் கொஞ்சம் உப்பையும் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. ஓட்டினால் விடாமல் ஓட்டுங்கள். நிறுத்துவதென்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் போர்டைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு மூடிவிடுங்கள். படகு செட்டுக்கு அடிக்கும் அதே காப்பு வார்னிஷைப் போர்டுக்கும் அடிக்கலாம். கனெக்டரில் மட்டும் படக்கூடாது. ஏசி அறையில் வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 1,300 வாட் ஹீட்டரை அறைக்குள் வைத்துவிட்டு அதைக் குளிர வைக்க ஏசிக்கும் சேர்த்துக் கரண்ட் கட்ட வேண்டியிருக்கும்.

கரண்ட் கணக்கை மெஷின் வாங்கிய பிறகு போடுவது

எஸ்9 மணிக்கு ஏறக்குறைய 1.35 யூனிட் தின்னும். ஒரு நாளைக்கு 32 யூனிட், இரண்டு மாதத்துக்கு 1,900-க்கு மேல். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு நிறையப் பேர் கணக்குப் போடுகிறார்கள். யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். 1,000 யூனிட்டைத் தாண்டினால் ஒவ்வொரு யூனிட்டும் 11 ரூபாய் அல்லது அதற்கு மேல். வீட்டுச் செலவும் சேர்ந்து என் முதல் பில் இருபதாயிரத்தை நெருங்கியது. அந்த இரண்டு மாதத்தில் பூலிலிருந்து (பலர் மெஷின்களைச் சேர்த்து ஓட்டி, வருவதைப் பங்கு போட்டுக்கொள்ளும் குழு) வந்த பிட்காயினின் மதிப்பு ஐயாயிரத்தைக்கூடத் தொடவில்லை.

இப்போது நிலைமை இன்னும் மோசம். 2024 ஏப்ரலில் ஒரு பிளாக்குக்கான (பிட்காயின் பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு) பரிசு, அதாவது அதை முதலில் முடிக்கும் மைனருக்குக் கிடைப்பது, 6.25-லிருந்து 3.125 பிட்காயினாகப் பாதியாகிவிட்டது. 2,016 பிளாக்குக்கு ஒரு முறை, அதாவது சுமார் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சிரம அளவு, அதாவது ஒரு பிளாக்கைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது, மாறும். உலகம் முழுக்கப் புது மெஷின்கள் சேரச் சேர நம் பங்கு சுருங்கும். கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் இருக்கிற மாவட்டம்தானே, கூரையில் பேனல் போட்டால் கரண்ட் இலவசம்தானே என்று ஒருவர் கேட்டார். பேனல் வாங்கிய காசும் கரண்ட் செலவுதான். இரவில் சூரியனும் இல்லை.

கற்றுக்கொள்ளத்தான் ஆசை என்றால் பிட்ஆக்ஸ் மாதிரி உள்ளங்கை அளவு மெஷின் ஒன்று போதும். 15, 20 வாட்தான் எடுக்கும், இரண்டு மாதத்துக்கு 30 யூனிட்டைத் தாண்டாது. அதில் தனியாக ஒரு பிளாக் கிடைக்க இன்றைய நிலையில் சராசரியாகப் பத்தாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். அதைத் தெரிந்துகொண்டு ஓட்டினால் மைனிங் எப்படி நடக்கிறது என்பது முழுதாகப் புரியும்.

கிராபிக்ஸ் கார்டு வாங்குவது

கிராபிக்ஸ் கார்டை வைத்து மைனிங் செய்த இன்னொரு கிரிப்டோவான எத்தீரியம், 2022 செப்டம்பர் 15-ஆம் தேதியே மைனிங்கை விட்டுவிட்டது. அதை நம்பி இன்று கார்டு விற்பவரிடம் போகாதீர்கள்.

கிளவுட் மைனிங்

யாரோ எங்கோ வைத்திருப்பதாகச் சொல்லும் மெஷினுக்கு நாம் காசு கட்டுவது. வேண்டாம்.

எர்த் இல்லாத பிளக்கில் சொருகுவது

16 ஆம்பியர் பாயிண்ட், தனி வயர், நல்ல எர்த். மூன்றும் இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் வந்து போன பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

வரியை மறப்பது

2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் செஸ். அதே ஆண்டு ஜூலை 1 முதல் விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ். மைனிங் செய்பவனைக் குறிப்பாக அடிக்கும் விஷயம் இன்னொன்று. மைனிங்குக்கு ஆகும் கட்டமைப்புச் செலவை வாங்கிய விலையாகக் கழிக்க முடியாது என்று நிதி அமைச்சகம் 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டது. ஒரு கிரிப்டோவில் வந்த நஷ்டத்தை இன்னொரு கிரிப்டோவின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. அதனால் பூலிலிருந்து காசு வந்த தேதி, அன்றைய விலை இரண்டையும் ஒரு நோட்டில் அன்றே எழுதி வையுங்கள். வருடக் கடைசியில் தேடினால் கிடைக்காது.

மண்டபத்துப் பையனை மெஷினோடு வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். திறந்து பார்த்தோம். முன் ஃபேன் திருகுகளின் தலையில் வெள்ளை பூக்கத் தொடங்கியிருந்தது. கனெக்டர் பின்கள் இன்னும் பளபளப்பாகவே இருந்தன. துடைத்துக் காயவைத்துக் கொடுத்தேன். ஜன்னலிலிருந்து எடுத்து, அவன் அம்மா அரிசி மூட்டை வைத்திருக்கும் உள்ளறையில் வைத்திருக்கிறான். வாடை திரும்ப இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் மூன்று போர்டுக்கும் வார்னிஷ் அடித்துவிட வேண்டும்.