கட்டுநாயக்கவிலிருந்து லண்டன்: வான்தூரமும் பயண நேரமும் கணக்கிடும் முறை

விமான தூரத்தைத் தட்டையான வரைபடத்தில் அடிமட்டம் வைத்து அளக்க முடியாது. பூமி உருண்டை என்பதால் இரண்டு நிலையங்களின் அகலாங்கு, நெட்டாங்குகளிலிருந்தே கணக்குத் தொடங்க வேண்டும்.

கட்டுநாயக்க வடக்கு 7.18 பாகை, கிழக்கு 79.88 பாகை. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் வடக்கு 51.47, மேற்கு 0.46. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் நெட்டாங்குகளைக் கூட்ட வேண்டும்: 80.34. கழித்துவிட்டால் விடையில் 60 கி.மீ.க்கு மேல் பிழைபடும். பாகை, கலையாக (ஒரு பாகைக்கு 60 கலை) தந்திருந்தால் கலையை 60ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்; 7 பாகை 11 கலை என்பது 7.11 அல்ல, 7.18.

கல்குலேட்டரைப் பாகையில் வைத்துக்கொள்ளுங்கள். ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருந்தால் விடை முற்றிலும் குலைந்துவிடும். இரு அகலாங்குகளின் சைன்களைப் பெருக்கினால் 0.0978. அவற்றின் கோசைன்களை 80.34இன் கோசைனோடு பெருக்கினால் 0.1037. கூட்டுத்தொகை 0.2015. இதன் நேர்மாறு கோசைன் (கல்குலேட்டரில் cos⁻¹) 78.38 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் தூரம் சுமார் 8,715 கி.மீ.

விமானம் இந்தக் கோட்டிலேயே பறப்பதில்லை. வான்வழிகளும் மூடப்பட்ட வான்பரப்புகளும் அதை வளைக்கும். 5 சதவீதம் கூட்டி 9,150 என்று வைத்துக்கொள்ளலாம். மேற்கே போகும்போது பெரும்பாலும் எதிர்க்காற்று. மணிக்கு 870 கி.மீ. என்று வகுத்து, ஏற்றம் இறக்கத்துக்கும் ஓடுபாதைக்கும் அரை மணி சேர்த்தால் 11 மணித்தியாலம். திரும்பி வரும்போது 930 போட்டால் ஏறக்குறைய 10 மணி 20 நிமிடம்.

கணக்குச் சரியாக வந்தும் பலர் தடுமாறுவது கடிகாரத்தில்தான். டிக்கெட்டிலுள்ள நேரம் எப்போதும் அந்தந்த ஊர் நேரம். லண்டன் நமக்கு 5½ மணி பின்னால். மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை 4½ மணிதான். ஜனவரியில் பகல் 1 மணிக்குப் புறப்பட்டால் இங்கே நள்ளிரவாகும்போது அங்கே மாலை 6.30க்கு இறங்குவீர்கள், ஜூலையில் 7.30. வரும்போது திகதியும் மாறும், விமான நிலையத்துக்கு வேன் சொல்பவர்கள் கவனிக்க வேண்டும்.

டோஹாவில் மாறிப் போனால் 3,611உம் 5,241உம் சேர்ந்து 8,852 கி.மீ.; நேர்வழியைவிட 140 கி.மீ. அளவுக்கே கூடுதல். நேரத்தைத் தின்பது அங்கே காத்திருப்பதுதான். அதைத் தனியாகக் கூட்டுங்கள்.

நுவரெலியாவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு இதே சூத்திரம் சுமார் 100 கி.மீ. என்று சொல்லும். வளைந்து இறங்கும் சாலை அதில் ஒன்றரை மடங்குக்கும் மேல். பகல் 1 மணி விமானத்துக்கு 10 மணிக்கு நிலையத்தில் நிற்க வேண்டுமென்றால், சாலைக்கு 6 மணித்தியாலம் ஒதுக்கி அதிகாலை 4 மணிக்குக் கிளம்புங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் கினிகத்தேனை, கித்துல்கலை பக்கம் மண்சரிவால் பாதை அடைபடலாம். அந்த மாதங்களில் முந்தின நாளே இறங்கி நீர்கொழும்பில் தங்குவது நல்லது.