சொரியாசிஸ் இருக்கிறதா? தோலோடு சேர்த்து ரத்தத்தையும் பாருங்கள்

சொரியாசிஸால் முழங்கையிலும் தலையிலும் செதில் உதிர்வதற்குக் களிம்பு வாங்கி வருகிறோம், அதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். “எனக்கெல்லாம் சுகர் வராதுங்க, தோட்டத்துல வேலை செய்யறவன்” என்கிற பேச்சை நம் பக்கம் எந்த ஊரிலும் கேட்கலாம். ஆனால் செதிலை உண்டாக்கும் அழற்சி தோலோடு நிற்பதில்லை. அது ரத்தத்தில் சுற்றி இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாமல் தடுக்கிறது, கல்லீரலில் கொழுப்பு சேரவும் வழி செய்கிறது. சொரியாசிஸ் படை உடம்பில் பரவப் பரவ இந்த ஆபத்தும் கூடும்.

அதனால் தோல் டாக்டரிடம் நீங்களே வாய் திறந்து கேளுங்கள்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), லிப்பிட் புரொஃபைல் (ரத்தக் கொழுப்பு அளவுகள்), கல்லீரல் பரிசோதனை, யூரிக் ஆசிட், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), பிளேட்லெட்டோடு முழு ரத்த எண்ணிக்கை. பெரிய ஊருக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, தாலுகா ஊர் லேபிலேயே இதெல்லாம் எடுப்பார்கள்.

ராத்திரி சாப்பிட்டு 10 முதல் 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுங்கள். தண்ணீர் குடிக்கலாம், காபி, டீ கூடாது. பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் இடையில் குடிக்கும் டீயைக் கணக்கிலேயே எடுப்பதில்லை, அன்றைக்கு அதையும் விட்டுவிடுங்கள். கல்யாண விருந்துக்கு மறுநாளும், மது குடித்த மறுநாளும் எடுத்தால் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறித்தான் இருக்கும்.

சரி, ரிசல்ட் கையில் வந்தாச்சு. லேப் தாளில் எல்லையைத் தாண்டியது மட்டும்தான் தடித்த எழுத்தில் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து “கொஞ்சம்தானே கூட இருக்கு” என்று மடித்து வைப்பதுதான் பெரிய தப்பு. சேர்த்துப் பாருங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல், ட்ரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், நல்ல கொழுப்பான எச்டிஎல் ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழ், ரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல். இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது சுகரும் இதய நோயும் வரும் ஆபத்தைக் கூட்டும் நிலை. சர்க்கரை 108, ட்ரைகிளிசரைடு 190, எச்டிஎல் 36 என்று வந்த ஆணுக்குத் தனித்தனியாக எதுவும் பயமுறுத்தாது, ஆனால் அவர் ஏற்கெனவே அந்தக் கணக்கில் வந்துவிட்டார். இடுப்பை அளக்கத் தையல் டேப் போதும், பேண்ட் சைஸை நம்பாதீர்கள்.

எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நோயே. ரத்தசோகை இருந்தால் இந்த எண் தவறாகக் காட்டலாம், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

கல்லீரல் பரிசோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்று இரண்டு என்சைம் எண்கள் இருக்கும், எஸ்ஜிபிடி மட்டும் பார்த்தால் போதாது. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள், பிளேட்லெட்டை எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள், முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். இதற்கு ஃபிப்-4 என்று பெயர். நம் லேப்கள் பிளேட்லெட்டை லட்சத்தில் போடுவார்கள், 2.4 லட்சம் என்றால் கணக்கில் 240 (ஆயிரத்தில்). வயது 42, எஸ்ஜிஓடி 44, எஸ்ஜிபிடி 58 என்றால் சுமார் 1.0 வரும். 1.3க்குக் கீழே இருந்தால் கல்லீரலில் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, மேலே போனால் ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன்) தேவையா என்று கேளுங்கள். 35 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

இதையெல்லாம் சொரியாசிஸுக்கு மாத்திரை தொடங்கும் முன்பே எடுப்பது நல்லது. மெத்தோட்ரெக்ஸேட் கல்லீரலைத் தொடும், அசிட்ரெடின் ட்ரைகிளிசரைடை ஏற்றும், சைக்ளோஸ்போரின் ரத்த அழுத்தத்தையும் கிரியேட்டினினையும் ஏற்றும். முதல் ரிப்போர்ட் இல்லாவிட்டால் ஏறியது மருந்தாலா, முன்பே இருந்ததா என்று டாக்டருக்கே சொல்வது கஷ்டம். (மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே நாள்தான், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.) அப்புறம், பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் “படை மாத்திரை” வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சுகர் ஏறும், நிறுத்தியதும் படை முன்பைவிட மோசமாகக் கிளம்பும்.

எல்லாம் சரியாக இருந்தால் வருடத்துக்கு ஒரு முறை போதும். எல்லைக்கோட்டில் இருந்தால் எடையையும் சாதத்தின் அளவையும் குறைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி பாருங்கள், அதற்கு முன் பார்த்தால் மாற்றம் முழுதாகத் தெரியாது. ராகிக் களிக்கும் கம்மங்கூழுக்கும் சுகர் ஏறாது என்று நினைத்து அளவில்லாமல் சாப்பிடாதீர்கள். பழைய தாள்களைத் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் போட்டு, தோல் டாக்டரிடம் போனாலும் சுகர் டாக்டரிடம் போனாலும் அதையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.